பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, தெற்கு ஜார்ஜியாவில் இறங்கினோம்

தெற்கு ஜார்ஜியாவுக்கு விமானம் கிடையாது. ஓடுதளமே இல்லை. தென் அட்லாண்டிக்கில், ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி, ஏறக்குறைய 170 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையும் பனியாறுமாகக் கிடக்கும் தீவு அது. பிரிட்டனின் ஆட்சியில் உள்ளது, அர்ஜென்டினாவும் உரிமை கோருகிறது. நிரந்தரமாகக் குடியிருப்பவர் யாரும் இல்லை. சில அரசு அலுவலர்களும் ஆய்வு நிலையங்களின் விஞ்ஞானிகளும் மாறி மாறி வந்து தங்குகிறார்கள். மற்றபடி அந்தக் கரை பென்குயின்களுக்கும் சீல்களுக்கும் கடற்பறவைகளுக்கும் சொந்தம்.

அங்கே போக வழி கப்பல் ஒன்றுதான். அதுவும் அனுமதி பெற்ற கப்பல், கூடவே வழிகாட்டிகள். நானும் அக்காவும் அப்படி ஒரு பயணக் குழுவில் சேர்ந்து நவம்பரில் போய்வந்தோம். இருவருக்கும் பறவை பார்ப்பதில் ஆர்வம். பள்ளிக்கரணையில் தொடங்கி கோடியக்கரைவரை விடிகாலையில் எழுந்து போகிறவர்கள். அக்காவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சையும் ஆகியிருக்கிறது. அதனால் இதைப் படிப்பவர்களில் "நம்மால் முடியுமா?" என்று யோசிப்பவர்களுக்கு என்னால் கொஞ்சம் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் கடல். கப்பல் அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உசுவாயாவிலிருந்து கிளம்பி ஃபாக்லாந்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. உலகில் உள்ள கரும்புருவ ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவைகளில் பெரும்பகுதி ஃபாக்லாந்தில்தான் கூடு கட்டுகின்றன. அந்தக் கூட்டம் ஒன்றைப் பார்த்தால் அந்த ஒரு நாளே போதும் என்று தோன்றும். அதன்பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீர் மட்டும்தான். அலை பெரிது. வாந்தி வந்தபிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை, ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள். சிலது தூக்கத்தில் ஆழ்த்திவிடும். அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுங்கள். ஜன்னல் சிறியதாக இருக்கும், ஆனால் ஆட்டம் குறைவு. மேல்தளத்து அறைக்கு அதிகப் பணம் கொடுத்துவிட்டு அலையோடு உருண்டவர்களைப் பார்த்தேன். அப்புறம், நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். கதவுச் சட்டத்தை மட்டும் பிடிக்கவே கூடாது. கப்பல் சாயும்போது அந்தக் கனத்த கதவு அறைந்தால் விரல் போய்விடும். இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள், அதற்குப் பிறகும் தினமும் சொன்னார்கள்.

கடல் நாட்களை வீணான நாட்கள் என்று நினைத்து அறையில் படுத்திருப்பவர்கள் இழப்பது அதிகம். கப்பலின் பின்தளத்தில் நின்றால் வாண்டரிங் ஆல்பட்ராஸ் என்ற இன்னொரு வகை கூடவே வருகிறது. சிறகை விரித்தால் மூன்று மீட்டருக்கும் மேல். சிறகை அடிப்பதே இல்லை. காற்றில் ஏறி, சரிந்து, அலையின் முகட்டைத் தொட்டுவிடுவதுபோல் போய் மறுபடி ஏறுகிறது. ஒரு கட்டத்தில் காற்று சட்டென்று குளிர்ந்து மூடுபனி கவிந்தது. அண்டார்க்டிக்கின் குளிர்நீரும் வடக்கிலிருந்து வரும் வெப்பமான நீரும் சந்திக்கும் எல்லையைக் கடந்துவிட்டோம் என்றார் வழிகாட்டி. அந்தக் குளிர்நீரில் கிரில் என்ற, இறால் போன்ற சிற்றுயிர் பெருகிக் கிடக்கிறது. தீவின் உயிர்களில் பெரும்பாலானவை நேராகவோ சுற்றிவளைத்தோ அதைத்தான் நம்பி இருக்கின்றன.

தீவை நெருங்கும் முன் ஒரு வேலை நடக்கிறது. சுற்றுலா விளம்பரங்களில் அது வருவதில்லை. என்னைக் கேட்டால் பயணத்தின் மிக முக்கியமான மணிநேரம் அதுதான்.

கரைக்கு அணியப்போகும் எல்லாவற்றையும் ஒரு கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். மேலாடை, கால்சட்டை, தொப்பி, கையுறை, கேமரா பை, முக்காலி, கைத்தடி. ஆளுக்கொரு வேக்யூம் கிளீனர் முனை, பிரஷ், வளைத்து நிமிர்த்திய காகிதக் கிளிப். பையின் மூலைகள், கால்சட்டைப் பையின் தையல், வெல்க்ரோவின் கொக்கிகள், பூட்ஸின் அடிப்பள்ளங்கள் என்று ஒவ்வொன்றையும் நோண்டி எடுக்க வேண்டும். எங்கள் மேசையில் ஒருவரின் கேமரா பை வெல்க்ரோவிலிருந்து ஒரு புல்விதையை இடுக்கியால் எடுத்து, வெள்ளைத் தாளில் வைத்து எல்லோருக்கும் காட்டினார் வழிகாட்டிப் பெண். "இது ஒன்று போதும்" என்றார். நம் ஊர் ஏரிக்கரையில் நடப்பவர்களுக்கு நாயுருவியும் ஒட்டுப்புல்லும் துணியில் எப்படி ஏறிக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே வயல்வெளியில் போட்ட உடையை இந்தப் பயணத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். பை முடிந்தவரை வெல்க்ரோ இல்லாததாக, உட்புறம் வழுவழுப்பானதாக இருந்தால் வேலை பாதியாகக் குறையும். கரைக்கு உணவும் கொண்டுபோகக் கூடாது. கடலைமிட்டாய், பொரி, பாக்கெட்டில் ஒரு பிஸ்கட், எதுவும் கூடாது.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1775 ஜனவரியில் கேப்டன் ஜேம்ஸ் குக் இந்தத் தீவில் இறங்கினார். இங்கே சீல்கள் மிகுதி என்ற அவருடைய செய்தியைக் கேட்டு வேட்டைக்காரர்கள் வந்தார்கள். அவர்களின் கப்பல்களோடு எலிகளும் வந்து இறங்கின. மரமே இல்லாத தீவில் பறவைகள் தரையிலும் வளைகளிலும்தான் முட்டையிடும். எலிகளுக்கு அது விருந்தாயிற்று. உலகில் வேறெங்கும் இல்லாத தெற்கு ஜார்ஜியா பிப்பிட் என்ற சின்னஞ்சிறு பாடும் பறவை, எலி எட்டாத ஒதுக்குத் தீவுகளிலும் சில கரைகளிலும் மட்டும் எஞ்சியது. 1911-ல் நார்வே திமிங்கல வேட்டைக்காரர்கள் இறைச்சிக்காகக் கலைமான்களையும் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகிப் புல்வெளியை மேய்ந்து தீர்த்தன.

இதைத் திருத்த எடுத்த முயற்சி சாதாரணமானது இல்லை. தெற்கு ஜார்ஜியா பாரம்பரிய அறக்கட்டளை என்ற அமைப்பு 2011, 2013, 2015 என மூன்று கட்டங்களில் ஹெலிகாப்டர்களிலிருந்து எலிமருந்து கலந்த இரையைத் தூவியது. பனியாறுகள் தீவைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பதால் எலிகளால் அவற்றைக் கடக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு பகுதியாகச் சுத்தம் செய்ய முடிந்தது. இன்று பனியாறுகள் வேகமாக உருகிப் பின்வாங்குகின்றன. இன்னும் சில காலம் தாமதித்திருந்தால் அந்த வேலியும் போயிருக்கும். கலைமான்களும் இதே காலத்தில் அகற்றப்பட்டன. அந்த வேலைக்குக் கலைமான் மேய்ப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட சாமி என்ற பழங்குடி மக்கள் சிலர் நார்வேயிலிருந்து வந்து உதவினார்கள். கடைசியில் எலி மோப்பம் பிடிக்கப் பயிற்சி பெற்ற நாய்களை வைத்துத் தீவைத் தேடினார்கள். எலி இல்லை என்று 2018 மே மாதம் அறிவித்தார்கள். மொத்தச் செலவு சுமார் ஒரு கோடி பவுண்டு. நாங்கள் புல்மேட்டில் நடக்கும்போது பிப்பிட்டின் குரல் காலடிக்கு அருகிலேயே கேட்டது. அக்கா அதைக் கேட்டுவிட்டு, "டீ, நம்ம பூட்ஸை இன்னொரு தடவை தேய்ச்சிருக்கலாம் போல" என்றாள். அவளுக்கு அவ்வளவு மனம் நெகிழ்ந்திருந்தது.

பழைய திமிங்கலத் தொழிற்சாலை நிற்கும் கிரிட்விக்கனில் அரசு அலுவலர்கள் கப்பலேறி வந்து உடைகளைச் சோதிக்கிறார்கள். மண்ணோ விதையோ இருந்தால் மறுபடி சுத்தம் செய்யாமல் இறங்க முடியாது. ஒவ்வொரு முறை கரைக்குப் போகும்போதும் வரும்போதும் கிருமிநாசினித் தொட்டியில் பூட்ஸை நனைக்க வேண்டும்.

சரி, இறங்குவது எப்படி? துறை கிடையாது. ஸோடியாக் என்ற ரப்பர் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்கினால் கீழே படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். படகோட்டி கையை நீட்டுவார். உள்ளங்கையைப் பிடித்தால் வழுக்கும். அவர் உங்கள் முழங்கைக்குக் கீழே பிடிப்பார், நீங்களும் அவருடைய முன்கையை அதேபோல் பிடிக்க வேண்டும். படகு மேலே வரும் கணத்தில் அவர் சொல்லும்போது காலை வைக்க வேண்டும். அவர் சொல்லாமல் வைக்கக் கூடாது. கையில் எதுவும் இருக்கக் கூடாது, கேமரா முதுகுப் பைக்குள் போய்விட வேண்டும். கரையில் இறங்கும்போது படகின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைச் சுழற்றித் தண்ணீருக்குள் விட வேண்டும். முழங்கால்வரை நனையும். அதனால் நீர்புகாத கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது. பூட்ஸைப் பெரும்பாலான கப்பல்களில் இரவல் தருகிறார்கள். அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்காக நாங்கள் நான்கு மாதம் முன்பிருந்தே தயார் செய்தோம். மாடிப்படி ஏறி இறங்குவது, நாற்காலியைப் பிடிக்காமல் எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது. தினமும் நடை. மலையேறும் வலிமை தேவையில்லை. சமநிலை தேவை. அவளுடைய முழங்காலைப் பற்றி முதல் நாளே குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டோம். அதன்பிறகு ஒவ்வொரு இறக்கத்திலும் அவளை முன்னால் உட்காரவைத்து, தண்ணீரில் இரண்டு பேர் நின்று இறக்கினார்கள். உடல் பிரச்சினையை மறைத்துக்கொண்டு வருபவர்கள்தான் சிரமப்படுகிறார்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் இறங்கிய காலையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுமார் ஒன்றரை லட்சம் இணை ராஜ பென்குயின்கள் அங்கே இனப்பெருக்கம் செய்கின்றன. முதலில் எட்டுவது வாடை. அடுத்தது சத்தம். ஆயிரக்கணக்கான நாயனங்களை ஒரே நேரத்தில் சுருதி சேர்த்துப் பார்ப்பதுபோல் ஓயாத ஒலி. ஒவ்வொன்றும் தன் இணையையோ குஞ்சையோ குரலால் அடையாளம் கண்டு அழைக்கிறது. கடலிலிருந்து வரும் தாய் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கூப்பிடுகிறது, எங்கோ நடுவிலிருந்து ஒரு குஞ்சு பதில் தருகிறது. வழிகாட்டி காட்டிய ஒரு குஞ்சை நான் விடாமல் கவனித்தேன். கம்பளிபோல் பழுப்பு இறகு போர்த்தி, பெற்றோரைவிடக் குண்டாக இருந்தது. தவறான தாய்களிடம் போய்க் கொத்து வாங்கி, திரும்பி, மறுபடி கூப்பிட்டு, கடைசியில் சரியான குரலைக் கண்டுபிடித்துவிட்டது.

ராஜ பென்குயினுக்குக் கூடு இல்லை. ஒரே முட்டை, அதைப் பாதத்தின் மேல் வைத்து வயிற்று மடிப்பால் மூடிக்கொள்கிறது. முட்டையிலிருந்து குஞ்சு தனியே கடலுக்குப் போகும்வரை ஒரு வருடத்துக்கும் மேலாகிறது. அதனால் எந்த மாதம் போனாலும் அங்கே குஞ்சுகள் இருக்கும்.

கரையோரம் யானைச் சீல்கள். பெரிய ஆண் நான்கு டன்வரை இருக்கும். நவம்பரில் பால் மறந்த குட்டிகள் நிறைய. தாய் சுமார் மூன்று வாரம் பால் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. குட்டி தன் கொழுப்பிலேயே வாழ்ந்து தானாக நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பெரிய கரிய கண்களால் நம்மைப் பார்த்துக்கொண்டு நகர்ந்து அருகில் வரும். முன்பெல்லாம் உட்கார்ந்து காத்திருந்தால் அவை பக்கத்திலேயே வந்துவிடுமாம். இப்போது உட்காரவோ மண்டியிடவோ பையைத் தரையில் வைக்கவோ அனுமதி இல்லை. ஐந்து மீட்டர் இடைவெளி விட வேண்டும், அது நெருங்கினால் நாம் விலக வேண்டும். காரணம் பறவைக் காய்ச்சல். 2023 அக்டோபரில் தீவின் வடமேற்கு முனையில் உள்ள பேர்ட் தீவில் ஸ்குவா பறவைகளில் அது முதலில் தெரிந்தது. பிறகு சீல்களுக்கும் பரவியது. மூன்று பெரிய இனப்பெருக்கக் கரைகளில் 2022-ஐ ஒப்பிட 2024-ல் பெண் யானைச் சீல்கள் சுமார் 47 சதவீதம் குறைந்துவிட்டதாக 2025-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கரையில் எங்கும் சீல்களாகவே பார்த்த எனக்கு அந்தக் கணக்கு இன்றும் உறைக்கிறது. முதல் தடவை பார்ப்பவருக்கு எது குறைந்திருக்கிறது என்று கண்ணால் தெரியாது. வழிகாட்டிக்குத் தெரிகிறது. அவர் பல வருடங்களாக அதே கரைக்கு வருபவர், சில இடங்களில் பேசாமல் நின்றுவிட்டார்.

ஃபர் சீல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் ஃபர் சீல் தன் எல்லையைக் காக்க நாய்போல் ஓடிவரும், மனிதனைவிட வேகமாக. ஓடக் கூடாது. நின்று, கைகளை உயர்த்தி, தட்டி ஒலி எழுப்பினால் நின்றுவிடும். கைத்தடி இருந்தால் அதை முன்னால் நீட்டிப் பிடித்தால் போதும், அடிக்கத் தேவையே இல்லை. அவற்றின் கடி எளிதில் சீழ்பிடிக்கும், மருத்துவமனையோ நாட்கணக்கான கடலுக்கு அப்பால். சீலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். டிசம்பரில் குட்டி போடும் காலத்தில் சில கரைகளில் இறங்கவே இடம் இருக்காது என்றார்கள்.

சாலிஸ்பரி சமவெளியில் நாங்கள் இறங்கவில்லை. விடிந்தபோது வெயில், கடலும் அமைதியாகத்தான் தெரிந்தது. ஆனால் கரையில் அலை உடையும் இடத்தைப் பார்த்துவர ஒரு படகு போனது, திரும்பிவந்து முடியாது என்றார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் முணுமுணுப்பு. இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோமே என்று ஒருவர் எழுந்தே கேட்டார். குழுத் தலைவர் பொறுமையாகச் சொன்னார்: "இறக்கிவிடுவது எனக்குச் சுலபம். திரும்ப ஏற்றுவதுதான் கஷ்டம்." ஒரு மணி நேரத்துக்குள் மலைச்சரிவிலிருந்து காற்று இறங்கி, கடலின் மேற்பரப்பையே வாரி வீசியது. உறைந்த சிகரங்களிலிருந்து கனத்த குளிர்க்காற்று சரிந்து விழும்போது இப்படித்தான் திடீரென்று வருமாம். அந்தக் கரையில் அப்போது நாங்கள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா கேட்கவே இல்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். மதியம் வேறு திசை பார்த்த ஃபார்ச்சூனா விரிகுடாவுக்குப் போனோம். அண்டார்க்டிக் பயணங்களுக்குப் பேர்போன எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1916-ல் தீவைக் குறுக்கே கடந்தபோது இறங்கி வந்த இடம் அது. இப்படிப்பட்ட பயணத்தில் நாம் பணம் கொடுப்பது கரைகளின் பட்டியலுக்கு இல்லை. "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த மனிதர்களுக்குத்தான் கொடுக்கிறோம். நிகழ்ச்சி நிரலை வெறும் விருப்பமாக எடுத்துக்கொண்டு போனால் மனம் நோகாது.

கிரிட்விக்கன் வேறு மாதிரி. 1904-ல் கார்ல் ஆன்டன் லார்சன் என்ற நார்வேக்காரர் தொடங்கிய திமிங்கலத் தொழிற்சாலை, இப்போது துருப்பிடித்த கொப்பரைகளும் எண்ணெய்த் தொட்டிகளுமாக நிற்கிறது. 1960-களின் நடுப்பகுதிவரை தெற்கு ஜார்ஜியாவில் அறுக்கப்பட்ட திமிங்கலங்கள் சுமார் 1,75,000. அந்தக் கணக்கைத் தொழிற்சாலையின் தளத்தில் நின்று கேட்டபோது என்னால் படம் எடுக்க முடியவில்லை. ஷாக்கிள்டனின் கல்லறையும் அங்கேதான், 1922 ஜனவரி 5-ல் அங்கு நின்ற கப்பலிலேயே இறந்தார். ஆனால் எனக்கு அன்று மனதில் நின்றது மாலையில் விரிகுடாவுக்கு வெளியே கப்பலின் அருகே ஊதிய கூன்முதுகுத் திமிங்கலங்கள்தான். நீலத் திமிங்கலங்களும் திரும்பிவரத் தொடங்கியுள்ளன. வாலின் அடிப்பக்கம் தெரியப் படம் கிடைத்தால் ஹேப்பிவேல் என்ற தளத்தில் ஏற்றுங்கள். வாலின் கறுப்பு வெள்ளைத் திட்டுகளை வைத்து ஒவ்வொரு திமிங்கலத்தையும் அடையாளம் காண்கிறார்கள். நாம் எடுக்கும் படம் ஆய்வுக்கும் உதவுகிறது.

உடையைப் பற்றிச் சுருக்கமாக: ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய அடுக்குகள் மேல். உடலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாதது. பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் உலராது. கையுறை இரண்டு ஜோடி. கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியை உடலோடு ஒட்டிய சட்டைப்பையில் வையுங்கள். பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். சைவச் சாப்பாடு முன்கூட்டியே சொன்னால் கிடைக்கிறது. ஊறுகாயும் பருப்புப்பொடியும் அக்காவின் பெட்டியில் இருந்தன, கப்பலுக்குள் மட்டும்.

காப்பீட்டில் கவனம் தேவை. தீவில் யாருக்காவது பெரிதாக ஏதாவது ஆனால் கப்பலே திரும்பித்தான் ஆக வேண்டும். தொலைதூர மருத்துவ வெளியேற்றத்துக்கும் கப்பல் பயணத்துக்கும் சேர்த்துத் தெளிவாக எழுதியிருக்கும் பாலிசி வேண்டும். கிளம்பிய நாட்டுக்கே கப்பல் திரும்புகிறது என்றால் மறுபடி நுழையும்படியான விசா தேவைப்படலாம். வழியில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பல் கிளம்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே உசுவாயாவுக்குப் போய்விடுங்கள். எங்கள் குழுவில் ஒருவரின் பெட்டி வந்துசேராமலே கப்பல் கிளம்பியது.

செலவு அதிகம், மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்குப் பத்து லட்சம் ரூபாயை எளிதாகத் தாண்டும், விமானச் செலவு தனி. நாங்கள் பல வருடங்கள் சேர்த்தோம். அவ்வளவு கொடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். கப்பலில் எத்தனை பயணிகள்? பெரும்பாலான கரைகளில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்க முடியாது, 200 பேர் கப்பல் என்றால் பாதி நேரம் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். தெற்கு ஜார்ஜியாவுக்கு மட்டும் எத்தனை நாள்? அண்டார்க்டிகாவையும் சேர்த்து விற்கும் சில பயணங்களில் தீவுக்கு இரண்டு நாள்தான் இருக்கும், அதில் ஒன்றைக் காற்று எடுத்துக்கொண்டால் மிச்சம் ஒன்று. நான்கு நாளுக்குக் குறைந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டு, அதிக நாள் உள்ள பயணத்தில் போங்கள்.